அழுகிய கத்தரிக்காய்



தஞ்சைத் தரணியிலே பிறந்த நாம் சேற்றுக்கு அஞ்சியவர்கள் அல்லர். நாற்று நட்ட கை, வரப்பு வெட்டிய கை, வாய்க்கால் அடைத்த கை நம் பெற்றோர் கை. அந்தக் கைகளின் உழைப்பால் கல்லூரிக்குச் சென்றோம், உயிரியல் பயின்றோம். அங்கே நம் கை கண்டது என்ன? ஏடு! வெறும் ஏடு! சென்ற ஆண்டு மாணவன் வரைந்த படத்தையே நாமும் வரைந்தோம். அவன் எழுதிய முடிவையே நாமும் எழுதினோம். செய்முறைப் பயிற்சி என்று அதற்குப் பெயர்! நுண்ணோக்கியோ பூட்டிய அலமாரிக்குள் கொலுவிருந்தது. காணலாம், தொடலாகாது!

ஏன் தொடக்கூடாது என்று நாம் கேட்கவில்லை. அந்த வெட்கம் இன்றும் நம்மைச் சுடுகிறது.

கேளுங்கள், கடல் கடந்த ஒரு செய்தியை. 1860 முதல் தமிழர் கூலிகளாகக் கப்பலேறிச் சென்று கரும்புத் தோட்டங்களிலே வாடினரே, அந்தத் தென்னாப்பிரிக்க நாட்டின் டர்பன் நகரிலே, 2010-இல் மாணவி ஒருத்தி அழுகிய கத்தரிக்காய் ஒன்றின் அடிப்புறத்திலிருந்து ஒரு வைரசைக் கண்டெடுத்தாள். ஆம், நாம் குப்பையிலே வீசும் அதே கத்தரிக்காய்!

முறை எளிது. மண்ணையோ அழுகலையோ நீரில் கரைப்பர். நுண்ணிய வடிகட்டியில் வடிப்பர். தீங்கற்ற பாக்டீரியா வளரும் தட்டிலே சேர்ப்பர். வைரசு இருப்பின், தட்டிலே தெளிந்த வட்டங்கள் தோன்றும். பாக்டீரியாவுக்குள் வைரசு புகுந்து, பெருகி, அதை வெடிக்கச் செய்த இடங்கள் அவை. பின்னர் அதன் மரபணுக்களைப் படிப்பர். அமெரிக்காவின் பிட்சுபர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரகாம் ஹாட்ஃபுல் முதலானோர் 2008-இல் தொடங்கிய திட்டத்தில், கல்லூரியில் கால்வைத்த மாணவர்களே இப்பணியைச் செய்கின்றனர்.

பயன் என்ன என்பீர்களோ? இலண்டனில், நுரையீரல் மாற்று அறுவைக்குப் பின், 15 வயதுச் சிறுமியின் உடலிலே மருந்துக்கு அடங்காத பாக்டீரியா பரவிற்று. ஹாட்ஃபுல் குழுவினர் தம் வைரசுத் திரட்டிலே தேடினர். மூன்று தேறின. அவற்றுள் இரண்டிலே, பாக்டீரியாவைக் கொல்லாமல் உள்ளே உறங்கச் செய்யும் மரபணுவை நீக்க வேண்டியிருந்தது. கத்தரிக்காய் தந்த வைரசுக்கோ எத்திருத்தமும் வேண்டியிருக்கவில்லை! 2018-இல் மூன்றையும் சேர்த்துச் செலுத்தினர். நோய் வேரோடு ஒழியவில்லை. ஆயினும் புண்கள் ஆறின, உடல் தேறியது. 2019-இல் உலகம் இதனை அறிந்தது.

மந்திரத்தால் அன்று, மாயத்தால் அன்று. ஒரு மாணவியின் கை குப்பையைத் தொட்டதால் விளைந்த பயன் இது!

வெண்ணாற்றங்கரை வண்டலிலும், நம் கொல்லைப்புறக் குப்பைமேட்டிலும் எவரும் படித்திராத வைரசுகள் எண்ணற்றவை உண்டு. தேட வேண்டிய கைகள் எங்கே? பழைய ஏட்டைப் பார்த்துப் படி எடுத்துக்கொண்டிருக்கின்றன!

ஆசிரியப் பெருமக்களே, அலமாரியைத் திறவுங்கள், உடனிருந்து வழிகாட்டுங்கள். இளைஞர்களே, அன்று நாம் கேட்கத் தவறியதை இன்று நீங்கள் கேளுங்கள்: ஏன் தொடக்கூடாது?