‘ஒண்ணும் பண்ணாது தம்பி!’

ஆயிரம் விளக்கு மெட்ரோவில் இறங்கி, அண்ணா சாலையின் ஹாரன் சத்தத்தைத் தாண்டி மாடல் ஸ்கூல் ரோட்டுக்குப் போனால், அங்கே ஒரு மாநகராட்சிப் பூங்கா. சும்மா கடந்து போகிறவர்களுக்கு இன்னுமொரு பார்க், அவ்வளவுதான். ஆனால் 2024 மே மாதம், சங்கிலி இல்லாமல் வந்த இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியது இங்கேதான்.

சென்னையில் வாக்கிங் போகிற எல்லோருக்கும் பழக்கமான டயலாக் ஒண்ணு இருக்கு. ‘ஒண்ணும் பண்ணாது தம்பி!’ சொல்கிற அங்கிளின் கழுத்தில் நாய்ச் சங்கிலி மாலையாகத் தொங்கும். நாய், இருபதடி தள்ளி யாரோட டிபன் பாக்ஸையோ மோந்து பார்த்துட்டிருக்கும். அங்கிள் பொய் சொல்லலை பாஸ். வீட்டில் அது நிஜமாவே ஒண்ணும் பண்ணாதுதான். ஆனா, பார்க்கில் பந்து உருளும், குட்டீஸ் வீல்னு கத்திக்கிட்டு ஓடும், தெருநாய் உறுமும். அவர் வீட்டு ஹாலில் இதெல்லாம் நடக்காதே! எங்க மெக்கானிக்கல் பாஷையில் சொன்னா, பிரேக் இல்லாத பைக்கை ‘நான் நல்லா ஓட்டுவேன்’னு ரோட்டுக்குக் கொண்டுவர்ற மாதிரி.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் லைசென்ஸ், சங்கிலி, வாய்மூடி என்று மாநகராட்சி கறார் காட்டியது. அலட்சியமா இருந்தா, பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவில் ஆறு மாசம் வரை ஜெயில், 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லேன்னா ரெண்டுமே!

‘கழுத்துல இருக்கிறதைக் கழட்டி அதுக்கு மாட்டுங்க அங்கிள்’னு ஒருத்தர்கிட்ட சொல்லிப் பார்த்தேன். அங்கிள் முறைச்சார். லாப்ரடார் சமர்த்தா வந்து கழுத்தை நீட்டுச்சு.