பிளக் குழியில் எண்ணெய்

மோட்டார் வண்டியின் பிளக்கைச் சுற்றி எண்ணெய் தேங்கியிருக்கக் காணின், எஞ்சினே போயிற்று என்பார் பலர். எம் தந்தையாரின் வாடகைக் காருக்கும் ஒரு பட்டறையார் இத்தீர்ப்பே வழங்கி, பிஸ்டன் ரிங் மாற்றல் வேண்டும் என்றனர். அச்செலவுக்கு வண்டியையே விற்றல் வேண்டும்! யாம் அதனை ஏற்கத் துணியாது, அண்டை வீட்டு முதிய மெக்கானிக் ஐயாவை நாடினோம்.

எண்ணெய் பிளக்கின் மேற்புறத்ததா, தீப்பொறி எழும் நுனியினதா என்பதே அவர் முதற்கண் வினவியது. நோய் ஒன்றுபோலத் தோன்றினும் அவ்விரண்டும் வேறு. எஞ்சின் ஆறிய பின், குழியிலுள்ள எண்ணெயைத் துணியால் முற்றும் ஒற்றியெடுத்தார். இன்றேல் பிளக்கைக் கழற்றியவுடன் அது சிலிண்டருள் வீழும். (பட்டறையார் இதனை அறியாதவரல்லர், பொறுமைதான் இல்லை போலும்.) 4 பிளக்குகளின் நுனிகளும் உலர்ந்து வெளிர் பழுப்பாயிருந்தன. ரிங் தேயின் எண்ணெய் உள்ளே எரிந்து நுனியன்றோ கறுக்கும்? மேலே குழிக்கு அது ஏறி வாராதே! ஆகவே குற்றம் வால்வு மூடியின்கண்ணது. அதனுள் பிளக் குழாய்களைச் சூழ்ந்த ரப்பர் சீல்கள் வெப்பத்தால் இறுகி வெடித்திருந்தன.

சீல்களையும் கேஸ்கெட்டையும் புதியனவாக இட்டு, எண்ணெயில் ஊறி நைந்த காயில் உறைகளையும் மாற்றினோம். மின்சாரம் வழிதவறி எஞ்சின் குலுங்கியது அவ்வுறைகளாலேயே. மூடியின் போல்ட்டுகளை நடுவிலிருந்து புறநோக்கிச் சிறிது சிறிதாக முடுக்கினார் ஐயா. பிசிவி வால்வு அடைபட்டிருப்பின் உள்ளழுத்தம் மிகுந்து புதிய சீலும் கசியுமாதலின், அதனையும் சோதித்தார். 10 நாட்களின் பின் குழிகளை நோக்கினோம், நான்கும் உலர்ந்திருந்தன. ரிங் வேலைக்குக் கூறிய தொகையில் பத்தில் ஒரு பங்கும் செலவாகவில்லை.