எந்தப் படிப்பு கஷ்டம்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரே விசாரணைதான். "என்ன சேரப்போறப்பா?" எம்.பி.பி.எஸ். என்றால், "அடேயப்பா, ரொம்ப கஷ்டமாச்சே!" இன்ஜினியரிங் என்றால், "எந்த பிராஞ்ச்?" பி.ஏ. தமிழ் என்றால்... கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. அப்புறம் மெதுவாக, "மார்க் குறைஞ்சிடுச்சோ?"

அந்த மௌனத்துக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. சீட் கிடைப்பது கஷ்டம் என்றால் படிப்பும் கஷ்டம், சீட் சுலபமாகக் கிடைத்தால் படிப்பும் சுலபம். இந்தக் கணக்கு தப்பு. கட் ஆஃப் காட்டுவது வாசலில் நிற்கும் வரிசையின் நீளத்தை. உள்ளே இருக்கும் பாடத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

இன்ஜினியரிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அடிதடி. சிவில், மெக்கானிக்கலுக்கு அவ்வளவு கூட்டமில்லை. ஆனால் அந்த சிவில், மெக்கானிக்கல் மாணவர்கள் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் சந்திக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைப் பற்றிய ஒரு கேள்விக்கு, 2000-ஆம் ஆண்டில் கிளே கணித நிறுவனம் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அந்தச் சமன்பாடுகளுக்கு எப்போதும் ஒழுங்கான தீர்வு உண்டா என்பதுதான் கேள்வி. பரிசை இன்னும் யாரும் வாங்கவில்லை! கூட்டம் குறைந்துவிட்டது என்று சமன்பாடு இளகிவிடுமா என்ன?

கஷ்டம் எல்லாப் படிப்பிலும் உண்டு. ஆனால் ஒரே மாதிரி கஷ்டம் இல்லை.

மருத்துவத்தில் அது அளவு. முதல் வருடம் அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. உடம்பில் 206 எலும்பு, எதில் எந்தத் தசை ஒட்டுகிறது, எந்த நரம்பு எந்த வழியாகப் போகிறது... தனித்தனியாகப் பார்த்தால் புரிந்துவிடும். அத்தனையும் ஒரே தலையில் நிற்க வேண்டும் என்பதுதான் பாடு.

பி.எஸ்சி. கணிதத்தில் வேறு கதை. பள்ளியில் சூத்திரம் போட்டு விடை எடுத்தவரிடம், ரியல் அனாலிசிஸ் வந்ததும் நிரூபணம் கேட்கிறார்கள். எப்சிலான், டெல்டா என்று ஆரம்பிக்கும்போது நூற்றுக்கு நூறு வாங்கியவருக்கும் கால் தடுமாறும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் அடுத்த வாரம் ஒன்றும் புரியாது.

பி.காமோடு சி.ஏ. எழுதுகிறவர்களுக்கு ஒவ்வொரு தாளிலும் 40 மார்க் வேண்டும், குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். எல்லாத் தாளிலும் 45 வாங்கினாலும் ஃபெயில்தான்!

சட்ட மாணவர்கள் பாடு இன்னும் வேடிக்கை. கொலைக்கு 302, மோசடிக்கு 420 என்று ஊருக்கே மனப்பாடம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்து, கொலைக்கு 103, மோசடிக்கு 318 என்றாகிவிட்டது. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றங்களுக்கோ பழைய சட்டம்தான். ஆக இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, அந்த பி.ஏ. தமிழ்? தொல்காப்பியம் மூன்று அதிகாரம், அதிகாரத்துக்கு ஒன்பது இயல். சொல்லதிகாரத்தில் ஒரு நூற்பாவுக்கு இளம்பூரணர் ஒன்று சொல்வார், சேனாவரையர் மறுப்பார், நச்சினார்க்கினியர் தன் பங்குக்கு வேறொன்று சொல்வார். எது பொருந்தும் என்று காரணத்தோடு எழுத வேண்டும். சரிபார்க்கக் கடைசிப் பக்கத்தில் விடை கிடையாது.

"கைடு படிச்சே பாஸ் பண்ணிடலாமே?" என்று கேட்கலாம். பண்ணலாம். முந்தின நாள் ராத்திரி கொஸ்டின் பேங்க் பார்த்து பாஸ் பண்ணும் இன்ஜினியர்களும் உண்டு. பாஸாவது வேறு, பாடத்தைக் கற்பது வேறு.

தப்புக் கணக்கால் வரும் வலி நிஜமானது. வரிசை நீளமாக இருக்கிறதே என்று பிடிக்காத பிராஞ்சில் சேர்ந்தவர், அரியர் சேரச்சேர வீட்டில் வாய் திறக்க மாட்டார். "ஈஸி கோர்ஸ்" என்று பெயர் வாங்கிய படிப்பில் திணறுகிறவர் நிலைமை அதைவிட மோசம். "இதுகூட முடியலையா?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் சந்தேகம் கேட்கவே மாட்டார். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவருக்கு ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பக்கம் என்பது இரண்டு பக்கம்... முதலில் மொழி, பிறகு பாடம். அவரைப் பார்த்து "மக்கு" என்பது எவ்வளவு அநியாயம்!

எனவே சேரப்போகிறவர்கள் கவுன்சலிங்குக்கு முன்னால் ஒரு காரியம் செய்யலாம். பிடித்த இரண்டு மூன்று படிப்புகளின் சிலபஸையும் பழைய கேள்வித்தாள்களையும் எடுத்து ஒரு மணி நேரம் புரட்டலாம். மலையாகக் குவிந்ததை மனதில் ஏற்றுவதா, ஒரே நிரூபணத்தோடு ஒரு வாரம் மல்லுக்கட்டுவதா, விடையே இல்லாத கேள்விக்கு வாதம் செய்வதா? எந்தக் கஷ்டம் சலிக்காதோ, அதுதான் அவருக்கான படிப்பு.