பூனாகலைத் தம்பிக்கு



போன மாசம் வரைக்கும் பீலியில தண்ணி இல்ல. கச்சான் காத்து அடிச்ச அடியில கொழுந்தும் இல்ல. அந்தக் காத்துலதான் ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுது, ஏலத்துல நல்ல விலை போகுதுன்னு சொல்றாங்க. நமக்கு வந்தது அரைப் பேர், அரைநாள் கூலிதான். இப்ப ஐப்பசி பொறந்ததும் தினம் பின்னேரம் இடியும் மழையும்.

நேத்து போன்ல மண்சரிவு எச்சரிக்கையைப் பத்திச் சொன்னப்ப "மஞ்சள்தானே அக்கா"ன்னு சிரிச்ச. 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் பெஞ்சா மஞ்சள், 150 தாண்டினா சிவப்பு. ஒரே மணித்தியாலத்துல 75 கொட்டினாலும் சிவப்புதான்டா, வெளியேறணும். ராத்திரி தூங்கி எழும்புறதுக்குள்ள நிறம் மாறிடும். உன் லயத்துக்குப் பின்னால உள்ள மண்ணு எவ்வளவு தண்ணி குடிச்சிருக்குன்னு மழைமானிக்குத் தெரியவும் தெரியாது.

குசினிச் சுவர் வெடிப்புல சீமெந்து பூசிட்டேன்னியே, அதைக் கேட்டதும் வயித்தைக் கலக்கிருச்சு. பூசினதைச் சுரண்டி எடு. வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் பென்சில்ல கோடு போட்டு வச்சு, விலகுதான்னு பாரு. கதவு திடீர்னு இறுகினாலும், மேட்டுல புதுசா ஊத்து கிளம்பிக் கலங்கலா வந்தாலும், யாரு சொல்றதுக்கும் காத்திருக்காதே.

2014 தீபாவளி முடிஞ்சு ஒரு வாரம். ஒக்டோபர் 29 காலையில நம்ம மீரியபெத்த லயங்கள் மேல மலை இறங்குனதை நான் உனக்குச் சொல்லணுமா? பள்ளிக்கூடம் போன பிள்ளைங்க தப்பிச்சு, வீட்டுல இருந்த பெத்தவங்க மண்ணுக்குள்ள போனாங்க. 2005லயும் 2011லயும் எச்சரிச்சாங்களாம். எங்க போறதுன்னு காட்டுனாங்களா? சொந்தமா ஒரு பேர்ச் காணி இல்லாதவன் எங்க போவான்? அதைப் போய் சனங்களோட பிடிவாதம்னு பேசுறவங்களைக் கண்டா எனக்கு இன்னும் ஆத்திரம் வருது. 2023 மார்ச்சிலகூட உங்க பக்கத்துக் கபரகலையில மண் சரிஞ்சுச்சே. வெளியில சொல்றதில்ல, புது வீட்டுக்கு வந்தும் மழை ராத்திரியில எனக்குத் தூக்கம் கிடையாது.

உனக்குப் போக இடம் இருக்குடா, அக்கா வீடு. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைங்க கொப்பி எல்லாத்தையும் ஒரே பையில போட்டுக் கதவுகிட்ட வை. மாட்டை அவிழ்த்து விட்டுட்டு வெளிச்சத்தோடயே கிளம்பு. இருட்டினா அந்த ரோட்டுல வராதே. ஆபத்துன்னா 117க்கு அடி. உன் மாமியார் முணுமுணுத்தா போனை அவங்ககிட்டக் குடு, நான் பேசுறேன். சின்னவ பூனையை விட்டுட்டு வரமாட்டேன்னு அழுவா. அதையும் தூக்கிட்டு வரச் சொல்லு.

அக்கா