கச்சான் அடங்கட்டும்

என் மேசை லாச்சிக்குள் ஒரு கணக்குக் கொப்பி இருக்கிறது. அதன் நடுத்தாள்களுக்கிடையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு டெக்கால் தாள். ஹரிக்கேன் விமானத்தில் ஒட்ட வேண்டிய வட்டங்களும் எழுத்துகளும் அதில் அப்படியே இருக்கின்றன. விமானம்தான் இல்லை. அது திருகோணமலை அன்புவழிபுரத்து வீட்டின் கண்ணாடி அலுமாரியில் நின்றுவிட்டது.

லண்டனிலிருந்து சித்தப்பா அனுப்பிய எயார்பிக்ஸ் மாதிரி விமானப் பெட்டி அது. உண்மையான விமானத்தில் 72இல் ஒரு பங்கு. செட்டை நுனியிலிருந்து மறு நுனிவரை 17 சென்ரிமீற்றர். துண்டுகளை ஒட்டி முடிக்க எனக்கு ஒரு கிழமை போனது. பெயின்றுக்கு மட்டும் அப்பப்பா என்னை விடவில்லை. அது அவருடைய தொழில்.

1942இல் அவருக்கு இருபது வயது. சீனக்குடா விமானத்தளத்தில் பெயின்ற் அடிப்பவர்களுக்கு உதவியாள். ஏப்ரல் 9 காலை யப்பான் விமானங்கள் திருகோணமலைக்கு மேலே வந்தபோது, 261ஆவது ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்கள் எழும்பிப் போனதைக் கண்ணால் கண்டவர். எண்ணெய்க் குதம் ஒன்றின் மேல் ஒரு யப்பான் விமானம் விழுந்து நாள்கணக்கில் எரிந்த கதையை, புகை போன திக்கைக் கையால் காட்டித்தான் சொல்வார். அன்றைக்கே பிரித்தானியரின் ஹெர்மிஸ் கப்பலும் மட்டக்களப்புக் கடலில் தாண்டது.

டெக்கால் தாளைக் கண்டதும் தலையை ஆட்டினார்.

“உது பிழையடா தம்பி. நடுவிலை சிவப்பு வராது.”

அந்தச் சண்டைக்குப் பிறகு கிழக்கில் பறந்த பிரித்தானிய விமானங்களில் வட்டத்தின் சிவப்பு நடுவை மறைத்துவிட்டார்கள். யப்பான்காரனின் அடையாளமும் சிவப்பு வட்டம். தூரத்தில் சிவப்பைக் கண்டால் தங்கள் ஆட்களே சுட்டுவிடுவார்கள் என்ற பயம். அப்பப்பா செய்த வேலையே அதுதான்: ஏணியில் ஏறி, சிவப்பின் மேல் வெள்ளை பூசுவது. ஏறத்தாழ ஐம்பது வருடம் கழித்து, அதே வேலையை விறாந்தையில் குந்தியிருந்து, மிளகளவு வட்டங்களில் மறுபடி செய்தார். மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாய் வெள்ளைப் பொட்டு வைத்த அந்தக் கை நடுங்கவேயில்லை.

மேலே கரும்பச்சையும் மண்ணிறமும் திட்டுத்திட்டாய் அடித்தோம். முறைப்படி டெக்கால் ஒட்டிய பிறகுதான் விமானத்தைப் பழசாக்க வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை. சரியென்று இடப்பக்கச் செட்டையின் அடியை முதலில் எடுத்துக்கொண்டார். “ஓட்டுறவன் ஏறி இறங்கிற பக்கம். இதுதான் முதல் தேயும்.” தென்னந்தும்பைச் சிறிதாய் முறுக்கி, வெள்ளிப் பெயின்றில் தோய்த்து, பழைய பேப்பரில் ஒற்றி ஒற்றி அநேகமாய் எல்லாவற்றையும் போக்கிய பிறகு செட்டையில் தொட்டார். பெயின்ற் உரிந்து தகரம் தெரிவதுபோல் வந்தது. புகைபோக்கிக்குப் பின்னால் குப்பி விளக்குக் கரியை விரலால் இழுத்தார். கடைசியில் ஒழுங்கையில் அள்ளிய கிறவல் தூசியைச் சாரத்துணியில் அரித்து ஊதிவிட்டார். அந்தக் கணத்தில் அது பிளாஸ்ரிக் இல்லை. சீனக்குடாவில் வெயிலுக்குள் நின்ற விமானம்.

மினுக்கமில்லாத பெயின்றின் மேல் டெக்கால் சரியாய்ப் படியாது; அடியில் காற்று அகப்பட்டு வெள்ளை பூத்துவிடும். அதனால் முதலில் மெல்லிய வார்னிஷ் பூச வேண்டும். பூசினோம். 1990 வைகாசி, கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டது. கிழக்கில் இருந்தவர்களுக்கு அந்தக் காற்றைத் தெரியும்: வயல் வெளிகளைக் கடந்து சூடேறி வந்து, சாத்திய யன்னலுக்குள்ளும் தூசி கொண்டுவரும். ஈர வார்னிஷில் மண் ஒட்டியது. தேய்த்துவிட்டு மறுபடி பூசினோம். மறுபடியும் ஒட்டியது.

“கச்சான் அடங்கட்டும். பிறகு ஒட்டுவம்.”

ஆனி மாதம் சண்டை மூண்டது. கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டோம். புத்தகப் பையோடு கொப்பியும் வந்தது. அப்பப்பா வரமாட்டேன் என்று வீட்டிலேயே நின்றுவிட்டார். அவரை அதற்குப் பிறகு நான் காணவில்லை. வீட்டையும்தான்.

லண்டனில் இப்போது என்னிடம் பதினொரு ஹரிக்கேன்கள் இருக்கின்றன. பழசாக்குவதற்கென்றே தூள்களைக் குப்பிகளில் அடைத்து விற்கிறார்கள்: பாலைவன மணல், ஐரோப்பியச் சேறு, துரு. நாலைந்தைக் கலந்து பார்த்துவிட்டேன். எங்கள் ஒழுங்கைக் கிறவல் நிறம் வரவில்லை. வார்னிஷ் மட்டும் இங்கே ஒரு தூசியும் இல்லாமல் காய்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்த மினுக்கத்தைப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

பழைய தாளைத் தண்ணீரில் போட முடியாது. படலம் மஞ்சளாகி வெடித்திருக்கிறது, நனைத்தால் சுக்குநூறாகும். பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து மட்டும் பார்ப்பேன். பெரிய வட்டத்தின் வெள்ளைக்குள் தூரிகையின் மயிர் ஒன்று ஒட்டிக் காய்ந்து கிடக்கிறது.