எதிர்வீட்டுத் தவக்காலம்

2025ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் ரமளானின் முதல் நோன்பு. மூன்று நாள் கழித்து, புதன்கிழமை காலையில், எதிர்வீட்டு ஆசிரியை அம்மா நெற்றியில் சாம்பல் சிலுவையோடு கோயிலிலிருந்து திரும்பினார். அவர்களுடைய தவக்காலம் அன்று தொடங்கியது. தஞ்சாவூரின் இந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன.

அன்று மாலை அண்டை வீடுகளுக்கெல்லாம் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினோம். எதிர்வீட்டுக்குப் போன தூக்குவாளி மட்டும் அப்படியே திரும்பி வந்தது. பின்னாலேயே அவரும் வந்தார். "கஞ்சியில் கறி கிடக்கிறதே, சாம்பல் புதனில் எப்படித் தொடுவேன்?" என்று வாசலில் நின்று சிரித்தார்.

கத்தோலிக்கர்களுக்குச் சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் ஒருவேளைதான் முழு உணவு. அவ்விரு நாளும் தவக்கால வெள்ளிகளிலும் இறைச்சி விலக்கு. அவர் வீட்டில் தவக்காலம் முழுவதுமே புலால் கிடையாதாம். நமக்கு ஸஹர் முடிந்தால் மக்ரிப் வரை தண்ணீரும் இல்லை என்று கேட்டபோது அவர் திகைத்தார்: "இந்த வெயிலிலா?" மறுநாள் முதல், கறி போடுவதற்கு முன்பே ஒரு சட்டிக் கஞ்சியைத் தனியே எடுத்துவைத்தோம். வெந்தயமும் தேங்காய்ப்பாலும் மட்டும் சேர்ந்த அந்தக் கஞ்சிதான் சுவையாயிருக்கிறது என்று எங்கள் மகள் கட்சி மாறினாள்.

மகள் அவரிடம் கணக்குப் படிக்கிறாள். அங்கே சுவரில் மாட்டியிருந்த சிலுவையைப் பார்த்துவிட்டு வந்து ஒருநாள் கேட்டாள்: "நம் ஈஸா நபியைத்தானே அவர்களும் நம்புகிறார்கள்? பிறகு ஏன் அவரை இறந்தவராக மாட்டிவைத்திருக்கிறார்கள்?"

பதில் சொல்வதற்கு முன் குர்ஆனை எடுத்து மர்யம் அத்தியாயத்தை அவளோடு ஓதினோம். அதில் 98 வசனங்கள். பேரீச்ச மரத்தடியில் தனியாகப் பிரசவ வேதனைப்பட்ட அந்தத் தாய்தான் குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட ஒரே பெண். அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷியின் அவையில் ஜஃபர் (ரலி) ஓதிக் காட்டியதும் இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தைத்தான். தந்தையின்றிப் பிறந்ததையும், நோயாளிகளைக் குணப்படுத்தியதையும், மீண்டும் வருவார் என்பதையும் இரு சாராரும் ஏற்கிறோம். அவர்களோ அவரை இறைமகன் என்கிறார்கள். திரித்துவம் என்று விளக்குகிறார்கள். நமக்கு அவர் அல்லாஹ்வின் அடியார், தூதர். அல்லாஹ் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை என்பதில் நமக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

சிலுவைதான் மிகக் கடினமான இடம். அவரை அவர்கள் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை, அல்லாஹ் தன்பால் உயர்த்திக்கொண்டான் என்று அந்நிஸா அத்தியாயம் கூறுகிறது. இதை நாம் அந்த நபிக்குச் செய்யப்பட்ட கண்ணியமாகக் கருதுகிறோம். அவர்களுக்கோ அந்த மரணமும் மூன்றாம் நாள் உயிர்ப்பும்தான் வீட்டின் நடுத்தூண்.

வேதத்தைப் பற்றியும் மகளுக்கு ஒரு குழப்பம் இருந்தது. ஈஸா நபிக்கு அருளப்பட்டதாக நாம் நம்பும் இன்ஜீலும், மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் பெயர்களில் வழங்கும் நான்கு நற்செய்திகளும் ஒன்றல்ல. ஆசிரியை அம்மாவின் விவிலியத்தில் 73 நூல்கள், சி.எஸ்.ஐ. சபையாரின் வேதாகமத்தில் 66. டென்மார்க் மன்னர் அனுப்ப, 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715இல் அங்கேயே அச்சாகி முடிந்தது. நம் டெல்டாவின் கடற்கரையில் இத்தனை முன்பே நடந்த இந்த வேலையை நம் வீடுகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ரமளானின் மூன்றாம் வாரத்தில் ஆசிரியை அம்மாவின் கணவர் காலமானார். பூண்டி மாதா கோயிலுக்கு அருகே அவருடைய சொந்த ஊரில் அடக்கம். நோன்போடு நாங்களும் போனோம். ஒரு யூதரின் பிரேதம் சென்றபோது நபி (ஸல்) எழுந்து நின்றதும், அதுவும் ஓர் உயிரல்லவா என்று கேட்டதும் நினைவில் இருந்தன. திருப்பலியின்போது வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். அஸர் நேரம் வந்ததும், உளுந்து காய்த்திருந்த வயலின் பம்புசெட்டில் உளூச் செய்தோம். அவர்களுடைய உறவினர் ஒருவர் சொல்லாமலே திண்ணையைக் கூட்டிப் பாய் விரித்துக்கொடுத்தார். நஜ்ரான் கிறிஸ்தவர்கள் மதீனாப் பள்ளிவாசலில் தம் முறைப்படி தொழுத செய்தியை இப்னு இஸ்ஹாக்கின் வரலாற்றில் படித்ததுண்டு. இங்கே திண்ணை அவர்களுடையது, தொழுகை நம்முடையது.

குழியில் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். நாமும் மூன்று பிடி போடுகிறவர்கள்தாம். மண்ணிலிருந்து வந்தவன் மண்ணுக்கே போகிறான் என்பதுதான் சாம்பல் புதனில் அவர்களுக்குச் சொல்லப்படுவதும், நம் கப்ரடியில் ஓதப்படும் தாஹா அத்தியாய வசனத்தின் பொருளும். அவ்வசனம் அதே மண்ணிலிருந்து மீண்டும் எழுப்பப்படுவதையும் சேர்த்தே சொல்கிறது.

புறப்படும்போது ஆசிரியை அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "நோன்பு திறக்கும்போது கேட்பது பலிக்கும் என்பீர்களே, ஐயாவின் ஆன்மாவுக்காகக் கேளுங்கள்."

இறந்தோர் உத்தரிக்கும் ஸ்தலத்தில் தூய்மையடைகிறார்கள், உயிரோடிருப்போரின் செபம் அவர்களுக்கு உதவும் என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. அவர் கேட்டது அதிலிருந்து. நம் அறிஞர்கள் பலரோ, அத்தவ்பா அத்தியாயத்தின் 113ஆம் வசனத்தை முன்வைத்து, பிற மதத்தில் இறந்தவருக்காகப் பாவமன்னிப்புக் கோருவதை அனுமதிப்பதில்லை. சரி என்று தலையசைத்துவிட்டு வந்திருக்கலாம். நோன்பு வைத்த வாயால் பொய் சொல்ல மனம் ஒப்பவில்லை. "உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பொறுமையைத் தரும்படி கேட்போம், அம்மா."

"ஐயாவுக்கு?"

"அவரைப் படைத்தவனுக்கு அவரை எங்களைவிட நன்றாகத் தெரியும்."

சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "என் அக்காள் வீட்டுக்காரரும் இப்படித்தான். சி.எஸ்.ஐ. அவர். இறந்தவர்களுக்காக வேண்டமாட்டார்" என்றார். குரலில் கோபம் இருந்ததா, களைப்பு மட்டும்தானா என்று வண்டியில் வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம். அன்று இஃப்தாரில் அவருக்கும் பிள்ளைகளுக்கும் கேட்டோம், பெயர் சொல்லி.

மார்ச் 31இல் பெருநாள். துக்க வீடு, தவக்காலம் வேறு, பிரியாணி அனுப்பவில்லை. தூக்குவாளியில் சேமியாப் பாயசம் மட்டும் போனது. மாலையில் வாளி கழுவித் திரும்பி வந்தது. உள்ளே பூண்டி வயலின் புது உளுந்து இரண்டு படி. அதன் மேல் மகளுக்கு ஒரு சீட்டு: வியாழன் முதல் கணக்கு வகுப்பு உண்டு.