நின்றால் நல்ல வண்டி

பொழிச்சலூர் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி முடுக்கினால் என் பழைய டீசல் காரில் ஒரு குறையும் தெரியாது. நாலு பேரோடு பல்லாவரம் மேம்பாலம் ஏறினால் மட்டும் இழுவை இல்லை. 'உஸ்' என்ற சத்தம், பின்னால் கரும்புகை.

"டர்போ போச்சு சார், மாத்தணும்" என்றார் மெக்கானிக். என் ஒரு மாத பென்ஷன்!

சுமை இல்லாமல் முடுக்கினால் டர்போ அதிக அழுத்தம் தருவதில்லை. நிறுத்திப் பார்த்து என்ன பயன்? பிரஷர் மீட்டரை மாட்டி, அவரையும் ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறினேன். வரவேண்டிய அழுத்தத்தில் பாதிகூட வரவில்லை. இறங்கித் தேடினால், இன்டர்கூலர் ரப்பர் குழாயின் அடியில் ஒரு கீறல்; அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். டர்போ பிழைத்தது, குழாய் மட்டும் மாறியது.

படுக்கவைத்து எடுத்த என் ஈ.சி.ஜி.யும் நார்மல்தான். ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை இப்போதெல்லாம் டாக்டரிடம் நானே சொல்லிவிடுகிறேன்.